சுகமாகி வந்தவர்

லண்டன்
18 ஏப்ரல் 1993

அன்புள்ள அம்மாவுக்கு ஜெயபாய் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அவரும் எஸ்தரும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். அப்பா செவ்வாய்க்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மூன்று வருடம் முன்பு நான் ஊருக்கு வந்தபோது வலது கை மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது முகமே அசையவில்லை. எஸ்தர் ஓடிப்போய் மடியில் ஏறினாள். அவர் அவளைப் பார்த்தாரே தவிர ஒரு சிரிப்பு வரவில்லை. ராஜபாளையத்தில் மில் முழுக்கக் கேட்கிற மாதிரி அதட்டுகிற பொன்னுராஜ் மேஸ்திரி, தண்ணீர் வேண்டும் என்று கேட்பது என் காதில் விழ நான் குனிய வேண்டியிருக்கிறது.

இவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பேசிவிட்டோம். மூன்று வருடமாகப் பார்க்கின்சன் மாத்திரை சாப்பிட்டும் கொஞ்சம்கூடக் கேட்கவில்லை என்றதும் டாக்டருக்கு அக்கறை வந்துவிட்டது. அவர்கள் ஆராய்ச்சிக்காக ஒரு புது ஸ்கேன் எடுக்கிறார்கள். நம் மூளையில் டோபமின் என்று ஒன்று ஊறுகிறதாம். அது குறைந்தால்தான் இந்த வியாதி. கையில் ஊசி போட்டு, அது ஊறும் இடத்தைப் படமாக எடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அப்பாவுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். சரிதானே அம்மா?

அன்பு மகள்,
ஜெயபாய்

*

ராஜபாளையம்
3 மே 1993

என் அருமை மகள் ஜெயாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொல். பேத்திக்கு முத்தங்கள்.

நான் சுகமாக இருக்கிறேன். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறாமல் வீட்டில் இருப்பது புதிதாக இருக்கிறது.

அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் புரையேறும். மோவாய்க்குக் கீழே ஒரு துண்டு போடு. பாத்ரூமில் வழுக்காமல் பார்த்துக்கொள். எழுந்திருக்கும்போது அவசரப்படுத்தாதே. காலடி எடுத்து வைக்க முடியாமல் நிற்பார். "ஒண்ணு, ரெண்டு" என்று சொன்னால் நடப்பார்.

ஸ்கேன் எல்லாம் எதற்கு? வயதானவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? நல்ல மாத்திரையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து, ஜூன் முடிவதற்குள் அனுப்பி வைத்தால் போதும். உனக்கும் வேலை இருக்கிறது. எத்தனை நாள் அவரை வைத்துப் பார்ப்பாய்?

ஞானபாக்கியம் சித்தி வத்திராயிருப்பிலிருந்து மாம்பழம் கொண்டுவந்தாள். உன்னை விசாரித்தாள்.

உன் அம்மா,
பரிபூரணம்

*

லண்டன்
6 ஜூன் 1993

அன்புள்ள அம்மா,

தேவ கிருபையால் எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஸ்கேன் முடிந்துவிட்டது. ஊசியில் போடுகிற மருந்தை அந்த வளாகத்திலேயே காலையில் தயாரிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வீரியம் போய்விடுமாம். அப்பாவைப் படுக்க வைத்து, தலை அசையாதபடி ஒரு அச்சில் பொருத்தி, வளையம் மாதிரி ஒரு மெஷினுக்குள் தலையை மட்டும் விட்டார்கள். ஊசி போடும்வரை பக்கத்தில் நின்றேன். "ஏட்டி ஜெயா, இது என் நெனப்பையும் படம் புடிக்குமா?" என்று கேட்டார். டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. படம் வந்து அவர்கள் கணக்குப் பார்த்துச் சொல்ல ஒரு மாதம் ஆகுமாம்.

அதற்குள் ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனால், அப்பா தானே பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. முந்தாநாள் எஸ்தரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய் வந்தார். அவள் ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தார். சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

எந்நேரமும் உங்கள் பேச்சுதான். அம்மா எந்த பஸ்ஸில் போவாள், லீவில் யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வயதில் இவ்வளவு பாசமா என்று இவர் கேலி செய்கிறார்.

அன்புடன்,
ஜெயா

*

ராஜபாளையம்
19 ஜூன் 1993

அன்பு மகள் ஜெயாவுக்கு,

நலம். உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன்.

அப்பா நடப்பது குறித்துச் சந்தோஷம்.

அப்பா தூங்குகிறாரா? சாப்பாட்டை முகர்ந்து பார்க்கிறாரா? மாப்பிள்ளை வேலையிலிருந்து பிந்தி வந்தால் ஏதாவது கேட்கிறாரா? எழுது.

என் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டாதே. கிழித்துப் போட்டுவிடு. நான் எங்கே போகிறேன், யார் வந்தார்கள் என்று அவர் கேட்டால் தெரியாது என்று சொல். என் பேச்சை எடுக்காதே.

அம்மா

*

லண்டன்
11 ஜூலை 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடம்பு சரியில்லையா? ஏன் அப்படி எழுதினீர்கள்?

படம் வந்துவிட்டது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் இரண்டு காற்புள்ளிகள் எதிரெதிராக வைத்தது போல, மஞ்சளும் சிவப்புமாக ஒளிர்கிறது. பக்கத்தில் வேறு ஒருவருடைய படத்தை வைத்தார். அவருக்கு நிஜமான பார்க்கின்சன். காற்புள்ளிக்குத் தலை மட்டும் இருக்கிறது, வால் அழிந்துபோயிருக்கிறது. அப்பாவுடையது இரண்டும் முழுசாக, பளிச்சென்று இருக்கிறது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் இல்லை, அம்மா. டோபமின் ஊறுகிற இடம் அவர் வயதுக்கு அருமையாக இருக்கிறதாம்.

பிறகு எப்படி உடம்பு மரக்கட்டை மாதிரி ஆனது என்று கேட்டேன். ஊறுவது சரியாக ஊறியும் அதை வேலை செய்யவிடாமல் ஒன்று தடுத்திருக்கிறது என்றார். மனநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் அப்படிச் செய்யுமாம், வாந்திக்குக் கொடுக்கிற சிலவும். நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பு தானாகத் தேறுமாம். "உங்கள் அப்பா இங்கே வந்ததும் எதையோ நிறுத்தியிருக்கிறார்" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். எந்த டாக்டராவது ஏதாவது கொடுத்தாரா?

இன்னொன்று. அப்பா எனக்குத் தெரியாமல் ஊருக்கு ஃபோன் செய்திருக்கிறார். எதிர்வீட்டு சங்கரலிங்கம் அண்ணாச்சியை அங்கே பொழுது விடியுமுன் எழுப்பி, நம் வீட்டில் விளக்கு எரிகிறதா, வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னாராம். 

உடனே எழுதவும்.

ஜெயா

*

லண்டன்
15 ஆகஸ்ட் 1993

அம்மாவுக்கு,

ஒரு மாதமாகத் தபால்காரரை எதிர்பார்த்து ஓய்ந்துவிட்டேன். சுகமாக இருக்கிறீர்கள் என்று அண்ணாச்சி வீட்டில் சொன்னார்கள். அப்படியானால் ஏன் எழுதவில்லை?

அப்பா இப்போது ஓடக்கூட முடிகிறவர் போல இருக்கிறார். ஆனால் வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. வருகிற தபாலையெல்லாம் முதலில் அவர் பிரிக்கிறார். இவரிடம், "மாப்பிள்ள, பொண்டாட்டிய வேலைக்கு விடாதீங்க. வெளிய அனுப்பிச்சா அம்புட்டுத்தான்" என்றார். போன புதன்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து பிந்தி வந்தேன். பஸ் நிறுத்தத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார். குடை கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பஸ்ஸுல ஒனக்குப் பக்கத்துல ஆரு?" என்றார்.

"ஆருன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஒங்க அம்மாவும் இதத்தான் சொல்லுவா."

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கன்னத்தில் அறைந்தார். எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அவர் இருக்கிற அறைக்குள் போவதில்லை.

என்னைப் பதினோரு வயதில் பாளையங்கோட்டை விடுதியில் கொண்டுபோய்விட்டீர்கள். ஏன் என்று எத்தனையோ முறை கேட்டேன், படிப்புக்காக என்பீர்கள். இப்போது கேட்கிறேன். அப்பாவுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

ஜெயபாய்

*

வத்திராயிருப்பு
2 செப்டம்பர் 1993

அன்புள்ள ஜெயாவுக்கு ஞானபாக்கியம் சித்தி எழுதுவது. கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. நாங்கள் சுகம்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. உன் கடிதங்களை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். படித்தேன். "என்ன எழுத?" என்றாள். "உள்ளத எழுது" என்றேன். எழுந்து போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு நினைப்புதான். அக்காவுக்கு வேறு ஆள் இருக்கிறது என்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிந்தினால் அடி. பஸ் முந்தினாலும் அடி. "என்ன, இன்னைக்கு அவன் வரலியோ?" என்பார். வாத்தியார், ஹெட்மாஸ்டர், கண்டக்டர் யாரையும் விட்டதில்லை. நீ பார்த்து வளரக்கூடாது என்றுதான் உன்னை விடுதியில் விட்டாள்.

உனக்கு ஸ்டீபன் மாப்பிள்ளை வீட்டில் நிச்சயம் ஆனது. கோவிலில் அத்தனை பேர் முன்னால் ஏதாவது செய்துவிடுவாரோ என்று அக்கா நடுங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்குப் போய் மனநோய் டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். ஆளைக் கூட்டிவரச் சொன்னார். வரமாட்டார் என்றோம். சொட்டு மருந்து எழுதித் தந்தார். நிறமும் இல்லை, ருசியும் இல்லை, காப்பியில் விடலாம். தணிந்ததும் அழைத்துவந்து காட்டுங்கள் என்றார். உன் கல்யாணப் படத்தை எடுத்துப் பார். உன் அப்பா எவ்வளவு சாந்தமாக நிற்கிறார்!

கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றாள். ஒரு தடவை நிறுத்தவும் செய்தாள். கொஞ்ச நாளிலேயே பள்ளிக்கூட வாசலில் வந்து ஹெட்மாஸ்டர் சட்டையைப் பிடித்தார். மறுநாள் மறுபடியும் விட்டாள். மருந்துக் கடையில் பழைய சீட்டைப் பார்த்தே கொடுத்தார்கள். திரும்ப மதுரைக்குப் போகவில்லை. கை ஆட ஆரம்பித்தபோது உள்ளூர் டாக்டரிடம் சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரியும். அவர் பார்க்கின்சன் என்றார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

லண்டனுக்குப் பெட்டி கட்டிய அன்று அக்கா அந்த பாட்டிலைச் சட்டைகளுக்குள் வைத்தாள், எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இனி எந்திரிச்சு நிக்கவே முடியாத மனுசன், என்ன செய்யப் போறாரு" என்றாள்.

மருந்தால்தான் உடம்பு இறுகியது என்று அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்பாய். இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். நீயும் கேட்காதே.

சித்தி,
ஞானபாக்கியம்

*

லண்டன்
19 செப்டம்பர் 1993

அம்மா,

சித்தி எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அப்பா பிரிக்குமுன் தபால்காரரிடமிருந்தே அந்தக் கடிதத்தை வாங்கிவிட்டேன். அவளைக் கோபிக்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ஆனால் தன் உடம்புக்குள் என்ன போனது என்று பொன்னுராஜுக்குத் தெரியவேண்டும், அவருக்குச் சொல்லாமல் இனி வைத்தியம் செய்யமாட்டேன் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒங்களுக்கு வந்தது பார்க்கின்சன் இல்லயாம். ஒரு மருந்தால வந்ததாம்."

"என்ன மருந்து? நான் கேக்காம ஒண்ணும் திங்கலியே."

"தெரியாம உள்ள போயிருக்கு."

"ஆரு குடுத்தா?"

கடையில் வாங்கின ஏதோ டானிக் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் வாய் வரவில்லை. நான் பேசாமல் இருந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

"எம்புட்டு வருசமா?" என்றார்.

"என் கல்யாணத்துலருந்து."

அப்பா அழுதார், அம்மா. உதடு கோணி, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி. இத்தனை வருடமாக அந்த முகத்தில் ஒரு அழுகைகூட வர வழியில்லாமல் இருந்திருக்கிறது. உள்ளே அவர் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ!

மனதில் இருக்கிற சந்தேகமும் ஒரு வியாதிதான், உடம்பை இந்த அளவுக்கு இறுக்காத வேறு மருந்துகள் இருக்கின்றன என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "இனிமே ஒருத்தர் கையாலயும் ஒரு சொட்டு மருந்து வாங்கமாட்டேன்னு அவர்கிட்டச் சொல்லு" என்றார் அப்பா. அதையும் மொழிபெயர்த்தேன். அதைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் வாழைப்பழமும் அவரே வேகவைத்து உரிக்கிற முட்டையும்தான் சாப்பிடுகிறார். அக்டோபர் பத்தாம் தேதி விமானம் ஏறுகிறார். சக்கர நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் இருக்காதீர்கள். சித்தி வீட்டுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் என்னை அறைந்த அன்று, அந்தக் கை பழையபடி ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜெயா

*

ராஜபாளையம்
1 அக்டோபர் 1993

அன்பு மகள் ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். எஸ்தர் பயந்துபோயிருப்பாள். ஒருநாள் லீவு போட்டு எங்காவது வெளியே அழைத்துக்கொண்டு போ.

ஞானம் எழுதியிருக்கிறாள் என்றால் அதற்குமேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

நான் எங்கேயும் போகவில்லை. அவர் வருகிற நேரத்தில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், இத்தனை காலம் அவர் நினைத்தது நிஜம் என்று ஆகிவிடும். தவிர, அவர் கேட்கும்போது பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும்.

பிளேனில் குளிரும். அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டு அனுப்பு.

அம்மா

*

வத்திராயிருப்பு
21 நவம்பர் 1993

அன்புள்ள ஜெயாவுக்கு சித்தி எழுதுவது. மாப்பிள்ளை, குழந்தை சுகந்தானே? இங்கே விடாத மழை.

அக்கா என்னிடம் இருக்கிறாள். அவளால் இப்போது எழுத முடியாது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பயப்படாதே, வேறு ஒன்றும் இல்லை.

உன் அப்பா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். யார் கையையும் பிடிக்காமல் பீடம்வரை நடந்துபோனார். போதகர் ஐயர் சாட்சி சொல்லச் சொன்னார். "கர்த்தர் என் கட்ட அவுத்துவிட்டாரு" என்றார், அவ்வளவுதான். சபை முழுக்க அழுதது. அக்காவும் பக்கத்தில் நின்றாள். யாரிடமும் எதையும் அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் தானே பால் காய்ச்சிக்கொண்டார். அக்கா எதை ஊற்றினாலும், "மொதல்ல நீ குடி" என்பார். அவள் குடித்துக் காட்டுவாள். அப்படியும் தொடமாட்டார். ஒருநாள், "அந்த மருந்த ஹெட்மாஸ்டர்தான வாங்கிக் குடுத்தான்? என்னைய முடமாக்கிப் போட்டுட்டு ரெண்டு பேரும் எங்க போனீங்க?" என்று ஆரம்பித்தார். இல்லை என்றாள். கையைப் பிடித்து முறுக்கிவிட்டார்.

எதிர்வீட்டு அண்ணாச்சி சம்சாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம், "இப்பத்தான் சொகமாகி வந்திருக்காரு டீச்சர், செத்த அனுசரிச்சுப் போங்க" என்றாளாம்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவதாக அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஹெட்மாஸ்டருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அவரை ஏன் வம்பில் இழுக்க வேண்டும் என்கிறாள்.

சித்தி

*

வத்திராயிருப்பு
13 பிப்ரவரி 1994

அன்பு மகள் ஜெயாவுக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் அம்மாவின் ஆசீர்வாதம்.

கட்டுப் பிரித்தாயிற்று. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஞானம் என்னைத் துரும்பை எடுக்கவிடுவதில்லை. மதுரையில் வேறு ஒரு டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போகச் சொல்லி மாப்பிள்ளை நம் சபை ஐயருக்கு எழுதியிருந்தாராம். ஐயர் போய்ப் பேசினார். "எனக்கு என்ன வியாதி? லண்டன்லயே தலைக்குள்ள படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். 

நேற்று அவர் இங்கே வந்தார்.

ஞானம் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து தோப்போரமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையையும் வீசி, மழையில் அரித்துப்போன பாதையில் கால் இடறாமல். யாரோ நல்ல திடகாத்திரமான மனிதர் என்று நினைத்தேன். கிட்டத்தில் வந்த பிறகுதான் உன் அப்பா என்று தெரிந்தது.

சொன்னால் நம்புவாயோ என்னவோ, எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. முறத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவர் கதவைத் தட்டவில்லை.

"ஏட்டி பரிபூரணம், உள்ள ஆரு இருக்கா?" என்றார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

"ஆருமில்ல. நான் மட்டுந்தான்."

"பொறவு ஏன் கதவப் பூட்டியிருக்க?"

என்ன சொல்ல, ஜெயா? மரத்தில் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். அவர் அந்தப் பக்கம் நின்றார். மூச்சு விடுவது கேட்டது. சாப்பிட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் படியிறங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஜன்னலுக்கு வந்தேன். வந்த வழியே, வந்த மாதிரியே நடந்துபோனார். ராஜபாளையம் பஸ் வந்தது. கம்பியை ஒரு கையால் பிடித்து, கண்டக்டர் கைகொடுக்க வந்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தானே ஏறினார்.

எஸ்தருக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டதா? எழுது.

உன் அம்மா,
பரிபூரணம்